களவெடுக்கிறது எட்டு நிமிசம், விக்கிறதுதான் பாடு: வைரக் களவுப் படங்களப் பத்தி

2025 ஒக்டோபர் 19, ஞாயிற்றுக்கிழமை காலம்புற, பரிஸ் லூவர் மியூசியத்துக்குப் பக்கத்தில ஒரு லொறி வந்து நிக்குது, மேல்மாடிக்கு தளபாடம் ஏத்துற லிப்ட் ஏணி பூட்டின லொறி, றோட்டு வேலை ஆக்கள் போடுற மஞ்சள் சட்டையோட ஆக்கள் வாறாங்க, ரெண்டு பேர் மேல ஏறி அப்போலோ மண்டபத்து யன்னல வெட்டி உள்ளுக்க போய் கண்ணாடிப் பெட்டிய உடைச்சு பிரெஞ்சு அரச குடும்பத்து நகை எட்டைத் தூக்கிட்டு, மொத்தமா எட்டு நிமிசத்துக்குள்ள மோட்டசைக்கிள்ல மறைஞ்சிட்டாங்க. பெறுமதி 88 மில்லியன் யூரோ எண்டு அரச தரப்பு சொல்லிச்சு. போற அவசரத்தில யூஜெனி பேரரசிட கிரீடத்த கீழ போட்டுட்டுப் போனதால அது மட்டும் நசுங்கிப்போய் கிடைச்சிச்சு. அண்டைக்கு மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் இருந்த வட்சப் குரூப் எல்லாத்திலயும் ஒரே கதைதான், "அப்பிடியே படம் மாதிரி செஞ்சிரிக்கானுகள்" எண்டு.

அந்தக் கதையப் பத்தித்தான் எழுதணும் எண்டு நினைச்சன். ஏனெண்டா அது படம் மாதிரி இல்லவே இல்ல. படமெண்டா சிவப்பு லேசர் கோடு இரிக்கும், கூரையில இருந்து கயித்தில தொங்குவாங்க, கம்பியூட்டர்ல ஒரு பொடியன் விரல் பறக்கத் தட்டுவான். இஞ்ச நடந்தது பட்டப்பகல்ல, மியூசியம் திறந்து அரை மணித்தியாலத்தில, ஒரு லிப்டும் வெட்டுற மெசினும். இன்னொரு விசயம் எங்கட ஆக்கள் கனபேர் கவனிக்கல்ல, களவு போன நகையில ஒரு தலைப்பட்டையில 24 இலங்கை நீலக்கல்லும் 1083 வைரமும் பதிச்சிரிக்கு. எங்கட தீவு மண்ணில தோண்டின கல்லு ரெண்டு நூற்றாண்டுக்கு முந்தியே பிரெஞ்சு ராணிமார்ட தலைக்குப் போய், மியூசியத்துக்குப் போய், இப்ப ஆருட கையில இரிக்கோ. எனக்கு அதக் கேட்டதும் மனசு ஒரு மாதிரியாத்தான் போச்சு.

நகைக் களவெண்டா அதில மூண்டு பகுதி. ஆயத்தம், எடுக்கிறது, எடுத்த பொறகு. படம் எடுக்கிறவங்களுக்கு நடுப்பகுதிதான் விருப்பம், ஏனெண்டா அதிலதான் பூட்டு இரிக்கு, நேரம் ஓடுது, வேர்க்குது. ஆனா உண்மைக் களவுகள எடுத்துப் பாத்தா எல்லாம் தீர்மானமாகிறது முதல் பகுதியிலயும் கடைசிப் பகுதியிலயும்தான், உள்ளுக்க என்ன நடக்குதெண்டு தெரிஞ்சவன் ஆரு, எடுத்ததக் காசாக்கப் போறவன் ஆரு. நல்ல படத்தையும் சும்மா படத்தையும் பிரிச்சுப் பாக்க நான் வச்சிரிக்கிற அளவுகோலும் இதுதான்.

இந்த வகைப் படத்துக்கெல்லாம் அடி போட்டது ரெண்டு பழைய படம். 1950ல ஜோன் ஹூஸ்டன் எடுத்த தி அஸ்பால்ட் ஜங்கிள், 1955ல ஜூல்ஸ் டாசின் எடுத்த ரிஃபிஃபி. அஸ்பால்ட் ஜங்கிள்ல நகைய வாங்குறன் எண்டு பொறுப்பெடுத்த லோயர் உண்மையில கையில சல்லி இல்லாத ஆள், நகை வந்ததும் அத அமத்திட்டு ஓடுறதுதான் அவர்ட திட்டம், அதோட எல்லாம் கவிழுது. ரிஃபிஃபிய எல்லாரும் புகழுறது அதில வாற அந்தக் களவுக் காட்சிக்காக, கிட்டத்தட்ட அரை மணித்தியாலம், ஒரு வசனம் இல்ல, மியூசிக் இல்ல. மேல் வீட்டு நிலத்தில ஓட்டை போட்டு நகைக்கடைக்குள்ள இறங்குறாங்க, முதல்ல சின்ன ஓட்டையால ஒரு குடைய உள்ளுக்க விட்டு விரிக்கிறாங்க, உடையிற சாந்தெல்லாம் கீழ விழுந்து அலாரம் அடிக்காம அந்தக் குடைக்குள்ள விழுது. பாக்கிற நமக்கு மூச்சு விடவே பயமா இரிக்கும். அமெரிக்காவில கம்யூனிஸ்ட் எண்டு சொல்லி வேலை குடுக்காம ஒதுக்கிவச்ச ஆள்தான் டாசின், பிரான்சுக்குப் போய் குறைஞ்ச செலவில எடுத்த படம் அது, அதுக்கு 1955 கான் விழாவில சிறந்த இயக்குநர் பரிசும் கிடைச்சிச்சு.

ஆனா அந்த அரை மணித்தியாலத்துக்குப் பொறகு வாற பகுதிதான் எனக்குப் பெரிசு. கும்பல்ல பெட்டி திறக்கிற வேலைக்காரன், அந்தப் பாத்திரத்தில நடிச்சதும் டாசின்தான், களவெடுத்ததில இருந்து ஒரு மோதிரத்த எடுத்து தனக்குப் புடிச்ச பொம்புளைக்குக் குடுத்திடுவான். ஒரேயொரு மோதிரம். அது கிளப் நடத்துற ரவுடிட கண்ணில பட்டதும் எல்லார்ட உசிருக்கும் முடிவு வந்திடுது. டாசினுக்கு இது நல்லா விளங்கியிரிக்கு, பூட்டத் திறக்கிறவனுக்கு வாயப் பூட்ட ஏலாது எண்டது.

அதே டாசின் 1964ல டொப்கபி எண்டு இன்னொரு படம் எடுத்தார், இஸ்தான்புல் அரண்மனையில மரகதம் பதிச்ச குத்துவாள எடுக்கிற கதை, நிலத்தில கால் படாம கயித்தில இறங்கி எடுக்கிறது. பொறகு 1996ல மிஷன் இம்பொசிபிள்ல டொம் குரூஸ் தொங்கினதுக்கு மூத்தது அதுதான். இந்தப் படம் வந்து கொஞ்ச நாளில, அதே 1964 ஒக்டோபர் 29ம் திகதி ராத்திரி, நியூயோர்க் இயற்கை வரலாற்று மியூசியத்துக்குள்ள ஜாக் மர்ஃபி எண்ட சர்ஃபிங் விளையாடுற ஆளும் கூட்டாளிமாரும் பூந்தாங்க. படத்தப் பாத்துத்தான் யோசனை வந்ததெண்டு பரவலா ஒரு கதை இரிக்கு. அவங்க எடுத்ததில முக்கியமானது ஸ்டார் ஒஃப் இந்தியா எண்ட நட்சத்திர நீலக்கல், 563 கரட், அதாவது நூறு கிராமுக்கும் மேல. பேரில இந்தியா இரிந்தாலும் அது தோண்டினது இலங்கையில. யன்னல்கள காத்துக்காகத் திறந்து விட்டிருந்தாங்களாம், அந்தக் கல்லு இரிந்த பெட்டிட அலாரத்துக்கு பற்றறி செத்துப்போய்க் கிடந்திச்சாம். இவ்வளவு லேசா எடுத்தவங்க ரெண்டு நாளில புடிபட்டாங்க, சல்லிய வாரி இறைச்சு ஹோட்டல்ல கூத்தடிச்சதுதான் காட்டிக்குடுத்தது. நீலக்கல் 1965 ஜனவரியில மயாமி பஸ் ஸ்டாண்ட் லொக்கர் ஒண்டில கிடைச்சிச்சு. உலகத்திலயே பேர் போன கல்ல வாங்க ஆரும் இல்லாம அது பஸ் ஸ்டாண்ட்ல கிடந்திரிக்கு. அதே ராத்திரி எடுத்த ஈகிள் எண்ட வைரம் மட்டும் இண்டைக்கு வரைக்கும் இல்ல, வெட்டித் துண்டாக்கியிரிப்பாங்க எண்டுதான் எல்லாரும் நம்புறாங்க.

கல்லு எப்பிடி காசாகுது எண்டு விளங்கினா இந்தப் படங்கள் எல்லாம் வேற மாதிரித் தெரியும், அதால கொஞ்சம் விளக்கமாச் சொல்லுறன். நாங்க நகைக்கடையில 22 கரட் எண்டு கேக்கிறது பவுணிட தரத்த, கல்லில கரட் எண்டா நிறை, ஒரு கரட் 0.2 கிராம், அஞ்சு கரட் சேந்தாத்தான் ஒரு கிராம். பெரிய பெறுமதிய உள்ளங்கையில பொத்தி வச்சுக் கொண்டுபோகலாம், காசுத்தாள்ல இரிக்கிற மாதிரி வரிசை நம்பர் இல்ல, நாய் மோப்பம் புடிக்காது. களவுக்கெண்டே செஞ்ச சாமான் மாதிரித்தான் தோணும். ஆனா விக்கப் போனா நிலைமை மாறுது. பவுணெண்டா உருக்கிட்டா அது ஆருட நகையெண்டு ஆருக்கும் தெரியாது, எங்கட ஊரிலயும் களவு போன நகை திரும்பக் கிடைக்காமப் போறதுக்கு அதுதான் காரணம். வைரத்த உருக்க ஏலாது, வெட்டித்தான் மாத்தணும், வெட்டினா நிறை குறையும், நிறை குறைஞ்சா விலை அதவிட வேகமா விழும். பேர் போன கல்லெண்டா இன்னும் மோசம், அதட நிறம், அளவு, உள்ளுக்க இரிக்கிற குறை எல்லாம் ஆய்வுகூடங்கள்ட பதிவில இரிக்கு, இப்ப வாற வைரங்கள்ல விளிம்பில லேசரால நம்பரும் பொறிச்சிரிக்கு, லென்ஸ் வச்சாத் தெரியும். அதால கள்ளனுக்கு நல்லது நடுத்தரமான கல்லுகள்தான், ஆயிரக்கணக்கில, பேரில்லாததுகள். படத்தில காட்டுற அந்த ஒத்தைப் பெரிய வைரம் உண்மையில கள்ளனுக்குத் தலையிடி.

இதுக்கு நல்ல உதாரணம் அன்ட்வேர்ப். பெல்ஜியத்தில இரிக்கிற இந்த நகரத்தில ரயில் ஸ்டேசனுக்குப் பக்கத்தில ஒரு சின்ன வட்டாரம், உலகத்து வைர வியாபாரத்தில பெரும்பகுதி கனகாலமா அந்த சில றோட்டுகளுக்குள்ளாலதான் போய் வந்தது. கை ரிச்சி 2000ல எடுத்த ஸ்னாட்ச் படமும் அங்க நடக்கிற வைரக் களவோடதான் தொடங்கும். மூண்டு வருசத்தில, 2003 பெப்ரவரி 15, 16 வார இறுதியில, அங்க இரிந்த அன்ட்வேர்ப் டயமண்ட் சென்டர் பில்டிங்ல நிலத்துக்குக் கீழ ரெண்டு மாடி ஆழத்தில இரிந்த பாதுகாப்பு அறைய திறந்து நூற்றுக்கும் மேல பெட்டிகள உடைச்சுக் கொண்டு போயிட்டாங்க, 100 மில்லியன் டொலருக்கு மேல எண்டு கணக்கு. இரும்புக் கதவு, இலக்கப் பூட்டு, காந்த அலாரம், சூட்டையும் அசைவையும் உணருற கருவி, வெளிச்சம் உணருற கருவி எல்லாம் இரிந்திச்சு. அந்த சூட்டக் கவனிக்கிற கருவிய பொம்புளையள் தலைக்கு அடிக்கிற ஹெயார் ஸ்பிரே அடிச்சு குருடாக்கினதா சொல்லுறாங்க.

இத எப்பிடி செஞ்சாங்க எண்டா, லியோனார்டோ நோட்டார்பார்டோலோ எண்ட இத்தாலிக்காரன் ரெண்டு வருசத்துக்கு மேல அந்த பில்டிங்கிலயே வைர வியாபாரி எண்டு ஒஃபீஸ் வாடகைக்கு எடுத்து, அதே பாதுகாப்பு அறையில தானும் ஒரு பெட்டி எடுத்து, காவலாளிமாருக்கு காலை வணக்கம் சொல்லிக்கொண்டு போய் வந்திரிக்கான். ரெண்டு வருசம் வாடகை கட்டுறதுதான் உண்மையான சாமர்த்தியம், அத எந்தப் படமும் காட்டாது, காட்டினா ஆர் இரிந்து பாப்பாங்க. படத்தில எண்டா அது அரை நிமிசத்துக்குள்ள மியூசிக்கோட ஓடிடும்.

புடிபட்ட விதம் இன்னும் விசேசம். பிரஸ்ஸல்ஸுக்குப் போற பெரிய றோட்டுக்குப் பக்கத்தில காட்டோரம் குப்பைப் பைகள எறிஞ்சிட்டுப் போயிட்டாங்க. அந்தக் காணிக்குப் பக்கத்தில இரிந்த பெரியவர் ஒருத்தருக்கு ஆக்கள் குப்பை கொட்டுறது புடிக்காது, அடிக்கடி பொலிசுக்கு அறிவிக்கிற ஆள், அண்டைக்கும் அறிவிச்சார். பைக்குள்ள டயமண்ட் சென்டர் கடிதஉறை, கிழிச்ச பில்லு, பாதி திண்ட சலாமி சான்ட்விச். பில்லில பேர், சான்ட்விச்சில டிஎன்ஏ. 2005ல அவனுக்குப் பத்து வருசத் தண்டனை. வைரங்கள்ல பெரும்பகுதி திரும்பக் கிடைக்கவே இல்ல. பொறகு 2009ல ஒரு அமெரிக்கப் பத்திரிகைக்கு அவன் சொன்ன கதை வேற, ஒரு வைர வியாபாரிதான் காப்புறுதிக் காசுக்காக தன்னை ஏவினதாகவும் பெட்டிகள் பாதி வெறுமையா இரிந்ததாகவும், பொலிஸ் அத நம்பல்ல. இந்தக் கேசத் தேடித் தேடி வாசிச்சன், ஒவ்வொரு தரமும் அந்தக் குப்பைக்குத்தான் மனசு திரும்பும், ஏனெண்டா அது களவிட மூண்டாம் பகுதி, எடுத்த பொறகு வாற களைப்பும் பயமும். குவென்டின் டரன்டினோ 1992ல ரிசர்வாயர் டோக்ஸ் எடுக்கேக்க நகைக்கடைக் களவ ஒரு காட்சி கூடக் காட்டாம, பொறகு நடக்கிற ரத்தத்தையும் சந்தேகத்தையும் மட்டும் காட்டினதுக்கு காரணம் இந்த இடம்தான் எண்டு நான் நினைக்கிறன்.

படமும் களவும் ஒண்டப் பாத்து ஒண்டு படிக்கிறதும் உண்டு. 1955ல ஹிட்ச்கொக் எடுத்த டு கட்ச் எ தீஃப், நகைக் கள்ளன் கதை, கான் நகரத்து கார்ல்டன் ஹோட்டல்ல எடுத்தது. 2013 ஜூலை 28ம் திகதி அதே ஹோட்டலுக்குள்ள ஒருத்தன் தனியா வந்து துவக்கக் காட்டி 103 மில்லியன் யூரோ நகையத் தூக்கிட்டுப் போனான். பிங்க் பாந்தர் எண்டா நமக்கெல்லாம் ரோஸ் நிறப் பூனைக் கார்ட்டூன்தான் ஞாபகம் வரும், ஆனா 1963ல வந்த முதல் படத்தில அது ஒரு வைரத்திட பேர். 2003ல லண்டன் நகைக்கடை ஒண்டில களவெடுத்த போல்கன் கும்பல் நீல வைரம் ஒண்ட முகத்துக்குப் பூசுற கிரீம் போத்தலுக்குள்ள ஒளிச்சு வச்சிருந்திச்சு, அந்தப் படவரிசையில ஒண்டில வாற அதே வித்தை, அதோட அந்தக் கும்பலுக்கே பிங்க் பாந்தர்ஸ் எண்டு பேர் விழுந்திட்டு. 2007ல துபாய் வாஃபி மோலுக்குள்ள ரெண்டு அவுடி (Audi) கார ஏத்திக்கொண்டு போய் நகைக்கடைய உடைச்சதும் இவங்கதான்.

தமிழ்ல எண்டா இந்த வகை குறைவுதான். 2009ல கே.வி. ஆனந்த் எடுத்த அயன் வந்த நேரம் யுத்தம் முடியிற கட்டம், இஞ்ச கனபேர் பொறகுதான் டிவிடியில பாத்தாங்க, சூர்யா வைரத்துக்காக கொங்கோவில ஓடுற ஓட்டத்த இண்டைக்கும் பொடியன்கள் கதைப்பாங்க. அது களவவிட கடத்தல் படம், எயார்போர்ட்டக் கடக்கிறதுதான் அதில பூட்டு. 2015ல வந்த ராஜதந்திரம் சின்ன ஏமாத்து வேலை செய்யிற பொடியன்கள் நகைக்கடை வரைக்கும் போற கதை, பெரிய நடிகர் இல்லாததால ஆக்கள் தவறவிட்ட நல்ல படம். 2023 தீபாவளிக்கு வந்த கார்த்தி நடிச்ச ஜப்பான், நகைக்கடைச் சுவரில ஓட்டை போடுற கள்ளன் கதை. அதப் பாத்த எல்லாருக்கும் ஞாபகம் வந்தது 2019 ஒக்டோபர் 2 அதிகாலையில திருச்சியில நடந்தது, மிருக முகமூடி போட்ட ரெண்டு பேர் பின் சுவரத் துளைச்சு பெரிய நகைக்கடை ஒண்டுக்குள்ள பூந்து கிட்டத்தட்ட 13 கோடி இந்திய ரூபா நகைய எடுத்த கமராக் காட்சி. ரிஃபிஃபியில மேல இருந்து போட்ட ஓட்டை, திருச்சியில பின்னால இருந்து, எவ்வளவு இலக்கப் பூட்டு வந்தாலும் சுவர் சுவர்தான்.

இப்ப எனக்கு முக்கியமான இடத்துக்கு வாறன். இந்தப் படங்கள்ல நாங்க கள்ளன்ட பக்கம் நிக்கிறம், அவன் தப்பணும் எண்டு வேண்டிக்கொண்டு இரிக்கிறம். அது எப்பிடி நடக்குதெண்டா, நகைக்குச் சொந்தக்காரன் ஆரெண்டு படம் காட்டாது. காட்டினாலும் அது மியூசியம், காப்புறுதிக் கம்பனி, இல்லாட்டி தலைக்கனம் புடிச்ச பணக்காரன். 2018ல வந்த ஓஷன்ஸ் எய்ட்ல கார்டியே எண்ட பிரெஞ்சு நகைக் கம்பனிட 150 மில்லியன் டொலர் மாலையக் களவெடுக்கிறாங்க, நடிகைட கழுத்தில இரிந்து, அவளுக்கு ஒரு நட்டமும் இல்ல. அந்த மாலைட மாதிரி 1931ல நவாநகர் மகாராஜா ரஞ்சித்சிங்ஜிக்கு கார்டியே வரைஞ்ச வடிவம், ரஞ்சி கிண்ணம் ஆருட பேரில நடக்குதோ அதே கிரிக்கெட்காரர்தான், படத்துக்காக கம்பனியே போலிக் கல்லில செஞ்சு குடுத்திச்சு. பாக்க வடிவான படம், ஆனா அதில ஒருத்தரும் எதையும் இழக்கல்ல.

உண்மை அப்பிடி இல்ல. 2015 ஈஸ்டர் லீவில லண்டன்ல நகை வியாபாரம் நடக்கிற ஹட்டன் கார்டன் வட்டாரத்தில வயசாளிகள் சேந்து 50 சென்டிமீற்றர் கொங்கிரீட் சுவரத் துளைச்சு பெட்டகங்கள உடைச்சாங்க, தலைவனுக்கு 76 வயசு, பொறகு மைக்கேல் கெய்ன் நடிச்சு கிங் ஒஃப் தீவ்ஸ் எண்டு 2018ல படமா வந்திச்சு. பத்திரிகையெல்லாம் தாத்தாமார் எண்டு செல்லமா எழுதிச்சு. ஆனா அந்தப் பெட்டிகள்ல கனக்க சின்ன வியாபாரிகள்ட, காப்புறுதி இல்லாத, முழு முதலும் அதுக்குள்ளயே கிடந்த ஆக்கள்ட சாமான். அவங்கள ஆரு படமெடுத்தாங்க?

எங்கட பக்கத்தில இது இன்னும் நல்லா விளங்கும். காத்தான்குடி மெயின் றோட்டிலயும் கல்முனை பஸாரிலயும் மட்டக்களப்பு டவுன்லயும் வரிசையா இரிக்கிற நகைக்கடைகள்ல விக்கிறது பவுண், ஆனா வாங்கிற ஆக்கள் வாங்கிறது வேற, விதைப்புக்கு உரம், பிள்ளைட யுனிவர்சிட்டிச் செலவு, வெளிநாட்டுக்குப் போற ஏஜென்சிக் காசு, எல்லாத்துக்கும் அடைவு வைக்கிறது அந்த நகையத்தான். வெள்ளாமை வெட்டினதும் மீட்பாங்க, அடுத்த போகத்துக்கு திரும்பவும் வைப்பாங்க. மத்திய கிழக்கில ரெண்டு வருசம் மூண்டு வருசம் வீட்டு வேலை செஞ்ச பொம்புளைட உழைப்பு நாலு காப்பில இரிக்கும். இடம்பெயர்ந்த காலத்தில சீலைத் தலைப்பில முடிஞ்சு கொண்டு ஓடினதும் அதத்தான், 2004 சுனாமியில வீட்டோட கடல் கொண்டு போனதும் அதத்தான். இப்பிடி ஒரு வீட்டில களவு போனா அத ஆரும் சாமர்த்தியம் எண்டு சொல்ல மாட்டாங்க. என்ட உம்மம்மாவோட இருந்து ஒரு களவுப் படம் பாத்த நேரம் அவ கேட்ட கேள்வி, "அந்தச் சாமான் ஆருடய மனே?" எண்டு. படம் முடியிற வரைக்கும் அதுக்கு அந்தப் படத்தில பதில் இல்ல.

அந்தக் கேள்விய பின்னோக்கி இழுத்துக்கொண்டு போனா மண்ணுக்குள்ள போய் நிக்கும். 2006ல எட்வர்ட் ஸ்விக் எடுத்த பிளட் டயமண்ட் அங்கதான் தொடங்குது, 1999ல உள்நாட்டு யுத்தம் நடந்த ஆபிரிக்க நாடு சியரா லியோன், ஒரு மீன்புடிகாரன அடிச்சுக் கொண்டுபோய் ஆத்தில கல்லரிக்க விடுறாங்க, பிள்ளைட கையில துவக்கக் குடுக்கிறாங்க. அத ஏன் எடுத்தாங்க எண்டு எங்கட பக்கத்து ஆக்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்ல. அந்த வைரங்கள சந்தைக்கு வராம மறிக்கத்தான் 2003ல கிம்பர்லி செயல்முறை வந்திச்சு, நாடுகள் சான்றிதழ் குடுக்கிற ஏற்பாடு. அதில பெரிய ஓட்டை ஒண்டு இரிக்கு, பட்டை தீட்டாத கல்லுக்குத்தான் அது பொருந்தும், அதுவும் அரசாங்கத்துக்கு எதிரா சண்டை புடிக்கிற இயக்கங்களுக்குக் காசு போகுதா எண்டு மட்டும்தான் பாக்கும். ராணுவமோ கம்பனிக் காவலாளியோ தொழிலாளிய அடிச்சா அந்த வரையறைக்குள்ள வராது. வெட்டி மினுக்கின பொறகு கல்லு எங்க இரிந்து வந்ததெண்டு கண்ணால பாத்துச் சொல்ல ஏலாது. கள்ளனுக்கு வசதியா இரிக்கிற அதே குணம்தான் இப்பிடி ரத்தம் பட்ட கல்ல விக்கிறவங்களுக்கும் வசதி.

இந்தப் படங்கள் பாக்கப் போறீங்களெண்டா முதல்ல ரிஃபிஃபிய பாருங்க, களவு முடிஞ்சதும் நிப்பாட்டாம கடைசி வரைக்கும் பாருங்க. அடுத்ததா பிளட் டயமண்ட். மூண்டாவது 2007ல வந்த ஃப்ளோலெஸ், 1960 லண்டன், வைரக் கம்பனியில மேல போக விடாம ஒதுக்கின பொம்புளை அதிகாரி ஒருத்தியும் ராத்திரி நிலம் துடைக்க வாற வயசாளி ஒருத்தரும் சேருற கதை, டெமி மூரும் மைக்கேல் கெய்னும். அந்தத் துடைக்கிற மனுசன ஒருத்தரும் ஏறெடுத்தும் பாக்க மாட்டாங்க, அதுதான் அவர்ட திறப்பு. அவர் ஏன் எடுக்கிறார் எண்டது கடைசியில வரும், அத நான் இஞ்ச சொல்லல்ல, நீங்களே பாருங்க.